ஜன்னல் கம்பியில் மாட்டிய கேமரா

தேவஆசீர்வாதம் ஜெபம் பண்ண எழுந்தார் என்றால் சாம்பாரை மறுபடி சூடு பண்ண வேண்டியதுதான் என்பது அவருடைய சபையில் பழகிப்போன கேலி. சபையார் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று இலை போட்டு, சோறு விழுந்து, ஜனம் பசியோடு உட்கார்ந்திருக்கும். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பிப்பார். மழைக்காக, மானாவாரி வெள்ளாமைக்காக, தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைகளுக்காக, மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்காக என்று ஒரு ஆள் விடாமல் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுத்தான் ஆமென் சொல்வார். அவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடமெல்லாம் ஜனம் "தோத்திரம்" என்று சொல்லும். சொல்லிச் சொல்லியே தொண்டை காய்ந்துவிடும்.

ஆனால் கேலி செய்கிறவர்களே தங்கள் வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவர். மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. எதிர் வீட்டுப் பூவனநாதன் கடலைமிட்டாய்க் கடையை இடம் மாற்றியபோது, பூஜையெல்லாம் முடிந்த பிறகு, "அண்ணாச்சி, நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லிருங்க" என்று கேட்டார். ரெண்டு வார்த்தை என்று தேவஆசீர்வாதத்திடம் கேட்டது அவர் தப்பு. கற்பூரம் அணைந்து வெகுநேரம் கழித்துத்தான் முதல் வியாபாரமே நடந்தது.

அவருடைய மனைவி பெயர் ரத்தினம். ஒரு சித்திரை வெயிலில் துணி காயப் போடப் போனவள் கொடிக்கு அடியிலேயே சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியில் கிடந்து, வீட்டுக்கு வந்து, எண்ணெய் தேய்த்து, பயிற்சி கொடுத்து என்று மாதங்கள் ஓடிய பிறகு பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது.

"போதும்."

பசித்தால் போதும். தண்ணீர் வேண்டுமென்றால் போதும். ஃபேனைப் போடு என்பதற்கும் போதும், அணை என்பதற்கும் போதும். டாக்டர் சொன்னார், "சில பேருக்கு இப்படித்தான் ஒரே ஒரு வார்த்தை நின்னுக்கிடும். அவங்க நினைக்கிறது வேற, வாயில வர்றது இதுவா இருக்கும்." தேவஆசீர்வாதம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். புரிந்துகொண்டார் என்று சொல்வதற்கில்லை.

சபைப் போதகர் பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று ஜெபிக்கத் தொடங்கி ரெண்டாவது வாக்கியம்தான் போயிருக்கும், "போதும்" என்றாள் ரத்தினம், நல்ல தெளிவாக. போதகர் பாவம், ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக ஆமென் சொல்லி முடித்துக்கொண்டார். அடுத்து சபைப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்த ஜெயஷீலா, தேவஆசீர்வாதத்தையே ஜெபிக்கச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கணீரென்று ஆரம்பித்து, முதல் மூச்சு வாங்கினார்.

"போதும்."

யாரோ சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்துகிற சத்தம் கேட்டது. அவர் காதுக்கு அது தப்பவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, "அண்ணாச்சி, நாங்க இத்தன வருசமா சொல்ல மாட்டாம இருந்தத வீட்டுல தைரியமாச் சொல்லிட்டாவளாமே" என்றார். தேவஆசீர்வாதமும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் வந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊர் சிரித்ததுகூட அவருக்குப் பெரிதில்லை. பேச்செல்லாம் போன பிறகு இவளுக்குள் மிஞ்சி நின்ற ஒரே சொல் இதுதான் என்றால், இத்தனை வருஷமும் தன் பக்கத்தில் முழங்காலில் நின்றவள் மனதுக்குள் இதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தாளோ? அந்தச் சந்தேகம் முள்ளாகத் தைத்தது. அதன் பிறகு ரத்தினத்தைப் பார்க்க யார் வந்தாலும், "இப்பத்தான் கண்ணசந்தா" என்று வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவார்.

மகன் ஸ்டெபின் தோஹாவில் இருக்கிறான். மகள் ஜீனா கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அப்பாவைப் பற்றி எல்லா மகள்களுக்கும் இருக்கிற பயம்தான். சோறு பொங்கத் தெரியாத மனிதர், ஒரு நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வார்?

"அம்மாவ எங்கூட அனுப்புங்கப்பா" என்றாள். "அங்கன ஆள் வச்சுப் பாத்துக்கிடுதேன்."

"ஆள் எதுக்கு? நான் ஆள் இல்லையா? என் பொண்டாட்டிய நான் பாத்துக்கிடுதேன்."

"நல்லாப் பாக்குதீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வேணும்னா தெனமும் பாரு. போன்ல தெரியும்லா."

போனில் தெரியத்தான் செய்தது. கையை நீட்டிப் பிடித்தால் ஃபேன் தெரியும், மடக்கிப் பிடித்தால் தேவஆசீர்வாதத்தின் மூக்குத் துவாரம் தெரியும். ரத்தினம் தெரிய மாட்டாள். ஸ்டெபின் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினான். அதைக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் நிறுத்தினால் தலையணை தெரிந்தது, அதோடு சரி. கடைசியில் ஜீனாவின் வீட்டுக்காரர் ரெஜின் ஒரு விடுமுறையில் வந்து வழி பண்ணினார். எலுமிச்சம்பழம் அளவில் ஒரு தனிக் கேமரா. வளைக்கிற மாதிரி கழுத்துள்ள ஒரு பிடிப்பானில் அதைப் பொருத்தி, கட்டிலுக்கு எதிரே ஜன்னல் கம்பியில் உயரமாக மாட்டினார். அதன் ஒயரை இழுத்து வந்து டேப்லெட்டில் செருகியதும், திரையில் கட்டில் முழுசும் தெரிந்தது. ரத்தினத்தின் தலையிலிருந்து கால் வரை, பக்கத்தில் தேவஆசீர்வாதத்தின் நாற்காலி, சுவரில் வசனக் காலண்டர் எல்லாம்.

"ஒயர் செருகி இருக்க வரைக்கும் அந்தக் கேமராதான் மாமா எடுக்கும்" என்றார் ரெஜின். "ஒயர எடுத்துட்டா டேப்லெட்டோட சொந்தக் கேமராவுக்கு வந்துரும், ஒங்க மொகம் மட்டுந்தான் தெரியும்."

இதைத் தேவஆசீர்வாதம் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டார். பிட்டர் அல்லவா.

பேச்சு முடிவானது இப்படி. தினமும் ஜீனா ஒரு தடவை அம்மாவைப் பார்ப்பாள். அம்மாவை அப்பா சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று ஒரே ஒரு காரியம் கண்ணில் பட்டாலும் வண்டியோடு வந்துவிடுவாள். அப்பா மறுபேச்சு பேசக் கூடாது.

நல்ல மனுஷன்தான், அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே சொல்ல வேண்டும். காலையில் வெந்நீர் வைத்து உடம்பு துடைப்பார். முதுகு புண்ணாகாமல் இருக்க ஒருக்களித்துப் படுக்க வைப்பார், நேரம் பார்த்துத் திருப்பிப் போடுவார். கம்மங்கூழைத் துணியில் வடிகட்டிக் கரண்டி கரண்டியாக ஊட்டுவார். தலை பின்னத் தெரியாமல் இருந்தவர் யூடியூப் பார்த்துப் பழகினார். படுக்கையை நனைத்துவிட்டால் முகம் சுளிக்காமல் மாற்றுவார். இதையெல்லாம் கேமரா பார்த்தது, ஜீனாவும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் குரலில் இருந்த கடுப்புக் குறைந்து வந்தது. "அப்பா, நீங்க எவ்வளவோ மேல்" என்று ஒரு நாள் சொன்னாள். அன்று முழுக்க மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

வம்பு ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. சாயங்காலம் குடும்ப ஜெபம். முன்பெல்லாம் அவரவர் வீட்டில் நடந்ததை, டேப்லெட் வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து வீடியோவில் நடத்தலாம் என்று ஸ்டெபின்தான் யோசனை சொன்னான். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். நாகலாபுரத்திலிருந்து தேவஆசீர்வாதத்தின் தங்கை குடும்பம். அங்கே எப்போதும் பின்னால் ஒரு ஆடு கத்தும். கயத்தாறு நாற்கரச் சாலையில் டயர்க் கடை வைத்திருக்கிற மச்சினன் விஜயராஜ். அவர் வாயைத் திறந்தால் லாரி ஹாரன்தான் முதலில் வரும். அப்புறம் ஜீனா, ஸ்டெபின். ஜெபம் யார்? கேட்கவா வேண்டும்.

முதல் ஞாயிறு, அவர் மூச்சு வாங்கிய முதல் இடத்திலேயே "போதும்" வந்தது. ரெண்டாவது இடத்தில் இன்னும் சத்தமாக. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது விஜயராஜின் கட்டத்தில் முகம் இல்லை, கேமராவை அணைத்துவிட்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாதவர்கள் செய்கிற காரியம் அது. தேவஆசீர்வாதத்துக்குக் காது மடல் சுட்டது.

அடுத்த ஞாயிறு ஜெபம் ஆரம்பிக்கும் முன்னால் ஒயரைப் பிடுங்கிவிட்டு, டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். "அம்மா எங்கப்பா, அம்மாவக் காணோமே" என்று ஜீனா ஜெபத்துக்கு முன்னும் கேட்டாள், பின்னும் கேட்டாள். "தூங்குதா" என்றார். "தூங்குனா என்ன, தூங்குததையே பாத்துட்டுப் போறேன்" என்றாள் அவள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஒயர் திரும்ப ஏறியது.

மூன்றாவது வாரம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஜெபம் என்றால் எல்லோரும் கண்ணை மூடுவார்கள். தாய்ப்பால் குடிக்கும்போதே பழகின பழக்கம். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிற ஆளை அந்தச் சனங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள், பார்க்க வேண்டுமென்றால் பார்க்கிறவனும் திறந்திருக்க வேண்டுமே. அப்படியானால் அந்த நேரத்தில் கேமரா எங்கே பார்த்தால் என்ன? அவர் "ஜெபம் செய்வோம்" என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். அவர் இடது கையை நீட்டி, மடித்த துண்டோடு ரத்தினத்தின் வாயை மெல்லப் பொத்திக்கொண்டார்.

மெல்லத்தான். மூக்கை விட்டு வாயை மட்டும்தான். மூச்சு முட்டக் கூடாது என்கிற கவனம் அவருக்கு இருந்தது. அந்தக் கவனத்தை நினைத்து அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டதாகக்கூடத் தோன்றுகிறது. அன்று ஜெபம் நடுவில் அறுபடாமல் ஓடியது. துண்டுக்கு அடியில் ஏதோ முனகல் வந்தது; அதைத் தன் குரலால் மூடினார். முடிந்ததும் விஜயராஜ், "மச்சான், இன்னைக்கு ஜெபம் மனசத் தொட்டுட்டு" என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜீனா மட்டும் ஜெபத்தைப் பற்றிப் பேசாமல், "அம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா" என்றாள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் ஜெபம், ஞாயிறு தவறாமல் துண்டு. ரத்தினம் இடது கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவாள். துண்டைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறாள் என்று நினைத்து அவர் முழங்கையால் அதைப் படுக்கையோடு சேர்த்து அழுத்திக்கொள்வார். முடிந்த பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் வெந்நீர் வைப்பார். வெட்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வெட்கம், ஊர் சிரிக்கிற வெட்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. ஆண்டவர் பார்க்கிறாரே என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆண்டவரிடம் பேசிக்கொண்டேதான் அதைச் செய்தார்.

ஐப்பசி மாதம். அன்று மத்தியானம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. நாகலாபுரத்தில் உளுந்துக்கு ஏற்ற ஈரம் என்று தங்கை சந்தோஷமாகச் சொன்னாள். மழையை நினைத்து தேவஆசீர்வாதத்துக்கு அன்று வார்த்தை ஊற்றாக வந்தது. கண்ணை மூடி, ரத்தினத்தின் வாயைப் பொத்தி, குரலை உயர்த்தி, கரிசலுக்கு மழை கொடுத்த தேவனைத் துதித்துக்கொண்டே போனார். அப்போது துண்டை மீறி அவர் விரல்களில் ஏதோ ஈரம் பட்டது. எச்சிலோ, வாந்தி எடுக்கிறாளோ என்று பயந்து, வாழ்நாளில் முதல் தடவையாக, ஜெபத்தின் நடுவில் கண்ணைத் திறந்தார்.

ரத்தினத்தின் கண்ணீர் அது. கன்னத்தில் இறங்கி அவர் விரலில் வந்து முட்டி நின்றது.

பார்வையைத் திருப்பியவருக்கு எதிரே டேப்லெட் இருந்தது. நாகலாபுரத்துக் கட்டத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். விஜயராஜ் நெற்றியைக் கையில் தாங்கி மூடியிருந்தார். ஸ்டெபின் மூடியிருந்தான். ஜீனாவின் கட்டத்தில் மட்டும் ரெண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன.

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை. பழகிப்போன ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு இருந்தாள். அப்பாவின் கண் திறந்ததைக் கண்டதும் ஒரு வினாடி திகைத்தாள். பிறகு, அவளே வெட்கப்பட்டவள் போல, தலையைக் குனிந்துகொண்டாள். தேவஆசீர்வாதம் கையை எடுத்தார். எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. "ஆமென்" என்றார். இவ்வளவு சீக்கிரம் முடிந்ததை நம்ப முடியாமல் மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள்.

மறுநாள் காலையில் பல் விளக்கும்போதே அவருக்கு ஓர் எண்ணம் ஓடியது. கேமரா பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். மழை ஈரம், ஜன்னல் ஓரம், யார் சந்தேகப்படப் போகிறார்கள். ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே டேப்லெட் அழைத்தது. ஜீனா. அழைப்பை எடுத்ததுமே அவர் கையில் ஒயர் இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

"அதப் புடுங்கிராதீங்கப்பா" என்றாள்.

அவர் விட்டுவிட்டார். பிறகு அவர்தான் கேட்டார், குரல் உள்ளே போயிருந்தது.

"எத்தன நாளாப் பாக்கே?"

"நீங்க பொத்த ஆரம்பிச்ச வாரத்துல இருந்து."

"கண்ண மூடலையா நீ?"

"மத்த நேரமெல்லாம் நீங்க முன்னால முன்னால வந்து பேசிக்கிட்டே இருப்பீங்க. ஜெபத்துலதான் ஒரு எடத்துல அசையாம இருப்பீங்க. அம்மாவ நல்லாப் பாக்க எனக்குக் கெடைக்குத நேரம் அதுதான். அதான் மூட மாட்டேன்."

"அன்னைக்கே ஏன்ட்டி சொல்லல?"

"சொன்னா ஒயரப் புடுங்கிருவீங்க. பெறகு நான் அம்மாவ எப்படிப் பாப்பேன்?"

தேவஆசீர்வாதம் நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் அடிக்காத அடியாக இருந்தது அது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்ல அவள் பயந்திருக்கிறாள். அம்மாவின் வாயைப் பொத்துவதை வாராவாரம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறாள்.

"சனிக்கெழம வாரேன்" என்றாள் ஜீனா. "பேச்சு பேச்சா இருக்கணும்."

சனிக்கிழமை வருவதற்குள் அவர் வீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தார். ரத்தினத்துக்குப் புது நைட்டி, தலைக்குச் சீயக்காய், நகம் வெட்டி, தலையணை உறை மாற்றி. சுத்தத்தைப் பார்த்தாவது மனசு இளகுவாள் என்று ஒரு நப்பாசை. ஜீனாவும் ரெஜினும் வந்தார்கள். ஜீனா அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, முதுகைத் திருப்பிப் பார்த்தாள், குதிகாலைப் பார்த்தாள். ஒரு சிராய்ப்பு இல்லை.

"நீங்க அம்மாவ நல்லாத்தான் பாத்துக்கிடுதீங்க" என்றாள். "அதுல ஒரு கொறையும் இல்ல."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"அம்மா எதுக்கு அந்த நேரத்துல போதும் போதும்னு சொல்லுதான்னு என்னைக்காவது யோசிச்சீங்களாப்பா?"

"நான் நீளமா ஜெபிக்கேன்னு சொல்லுதா" என்றார் அவர், தரையைப் பார்த்து. "ஊரே சொல்லுது. அவ சொன்னா என்ன."

ஜீனா எழுந்து போய்க் கட்டிலில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் திறந்தபடியே, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, சின்னச் சின்ன வார்த்தையாக ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இந்த நாளுக்காக உமக்கு நன்றி" என்று சொல்லி நிறுத்தினாள்.

"போதும்" என்றாள் ரத்தினம். இடது கை படுக்கையிலிருந்து கொஞ்சம் எழும்பியது.

"எங்களை இம்மட்டும் நடத்தினீர்" என்று தொடர்ந்துவிட்டு மறுபடி நிறுத்தினாள்.

"போதும்." கை மறுபடி எழும்பியது.

"ஜெபம் ஓடிக்கிட்டிருக்கும்போது ஒரு தடவகூடச் சொல்ல மாட்டா, பாருங்க" என்றாள் ஜீனா, அப்பாவைப் பார்க்காமல். "மூச்சு விடுத எடத்துலதான் சொல்லுவா. நீங்க பொத்துனதுனால எனக்குச் சத்தம் கேக்கல. கை தூக்குதது மட்டும் கேமராவுல தெரிஞ்சது. நீங்க அழுத்துனாலும், நிறுத்துத எடமாப் பாத்துத் தூக்கப் பாப்பா. கொஞ்ச வாரம் எனக்கும் புரியல. அம்மா ஒங்கள நிறுத்தச் சொல்லலப்பா. தோத்திரம் சொல்லுதா. வாயில அது இப்படி வருது."

தேவஆசீர்வாதம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டங்களில், பெண்கள் பக்கத்திலிருந்து முதலாவதாக எழும்புகிற தோத்திரம் எப்போதும் ரத்தினத்துடையதுதான். மற்றவர்கள் அவளைப் பின்பற்றித்தான் சொல்வார்கள். அவளுடைய குரலை நம்பித்தான் அவர் நிறுத்தவே செய்வார். படுத்த படுக்கையிலும் அதை விடாமல் செய்துகொண்டிருந்தவளின் வாயில் துண்டை வைத்து, எழும்பிய கையை முழங்கையால் அழுத்தி, அந்தக் கையோடேயே ஆண்டவரைப் புகழ்ந்திருக்கிறார். ஜெபக்காரர் என்று பெயர் வேறு. பூமி பிளந்து விழுங்கினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பூமி பிளக்கவில்லை. ரெஜின்தான் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

"கூட்டிட்டுப் போ" என்றார் தேவஆசீர்வாதம். "நான் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் ஞாயிறு. சாயங்காலம் திரையில் எல்லோரும் வந்தார்கள். ஜீனா ஊரில் இருப்பதைக் கண்டு நாகலாபுரத்துத் தங்கை குதூகலித்தாள். ஆடு கத்தியது. "மச்சான், ஆரம்பிங்க" என்றார் விஜயராஜ், லாரி ஹாரனுக்கு ஊடே. பழக்கத்தில் எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்தார்கள்.

"கண்ணத் தொறங்க" என்றார் தேவஆசீர்வாதம்.

ஒன்றும் விளங்காமல் ஒவ்வொருவராகத் திறந்தார்கள். அவர் கேமராவைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் உயரத்தில் இருந்ததால் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"நான் இன்னைக்கு ஜெபம் பண்ணல. எனக்கு அதுக்குத் தகுதி இல்ல. இத்தன வாரமும் நீங்க கண்ண மூடியிருந்த நேரத்துல நான் இவ வாயப் பொத்திக்கிட்டுத்தான் ஜெபம் பண்ணேன். நீங்க சிரிப்பீங்கன்னு. அவ தோத்திரம் சொல்லியிருக்கா. எனக்குத் தெரியல. தெரியலங்கதும் பொய், நான் கேக்கவே இல்ல."

விஜயராஜ் இந்தத் தடவை கேமராவை அணைக்கவில்லை. ஆனால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறினார். தோஹாவில் ஸ்டெபின், "அப்பா" என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அப்போது ரத்தினம், "போதும்" என்றாள்.

தேவஆசீர்வாதம் மகளைப் பார்த்தார். இது தோத்திரமா, இத்தோடு விடுங்கள் என்கிறாளா, இல்லை உங்களோடு வாழ்ந்தது போதும் என்கிறாளா என்று அந்தப் பார்வை கேட்டது. ஜீனா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை அசைத்தாள். அவளுக்கும் தெரியவில்லை.

திங்கள் காலை வாசலில் கார் வந்து நின்றது. படுக்கை, மருந்து, ஜன்னல் கம்பியிலிருந்து கழற்றிய கேமரா எல்லாம் பின்னால் ஏறின. ரத்தினத்தைத் தூக்க ரெஜின் முன்வந்தார். "வேணாம் மாப்ள, ஒங்களுக்கு இவளத் தூக்குத பிடி தெரியாது" என்று தேவஆசீர்வாதமே ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கினார். நாள்பட்ட பழக்கம், அவள் உடம்பு எங்கே எவ்வளவு கனம் என்று அவர் கைக்குத் தெரியும்.

வாசலுக்கு வந்ததும் தெரு முழுக்க ஆள் நின்றது. பூவனநாதனும் அவர் வீட்டம்மாளும் நின்றார்கள். ஜெயஷீலா நின்றாள். பேச்சு வாக்கில் அவள் ஊரைவிட்டுப் போகிறது தெரிந்து கோயில் ஆட்கள் ரெண்டு மூன்று பேரும் வந்திருந்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து வெளி வெளிச்சத்தைப் பார்த்த ரத்தினம், கண்ணைச் சுருக்கி எல்லோரையும் சுற்றிப் பார்த்தாள். இடது கையைத் தூக்கி, தெருவே கேட்கும்படி உரத்து, "போதும்" என்றாள்.

தேவஆசீர்வாதத்தின் கை அவள் வாயைப் பொத்த எழும்பப் பார்த்தது. ரெண்டு கையிலும் அவளைத் தாங்கிக்கொண்டிருந்ததால் மட்டும்தான் அது எழும்ப முடியாமல் போனது. அந்தத் துடிப்பு அவள் முதுகுக்கு அடியில் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.